மதுரையில் கார் பேரம்: எந்த வழியில் எவ்வளவு இறங்கும்?

ஆடியில் போனால் விலை இறங்கும் என்பார் மாமா. திருச்சியில் ஒரு விலை வாங்கிக் காட்டு, மதுரைக்காரர் தானாக வழிக்கு வருவார் என்பார் ஆபீஸ் நண்பர். ரொக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசு என்பார் அப்பா. மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றுக்கும் ஒரே பலன் கிடையாது. அப்பா சொல்வது இன்றைக்குக் கிட்டத்தட்ட தலைகீழாகிவிட்டது. அதற்குப் பிறகு வருகிறேன்.

எக்ஸ்-ஷோரூம் விலை, அதாவது ஆயுள் வரியும் இன்சூரன்ஸும் சேராத விலை, கம்பெனி வைப்பது. ஆயுள் வரி அரசு வாங்குவது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து வண்டி விலை 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. இதில் ஷோரூம்காரர் ஒரு ரூபாய்கூடக் குறைக்க முடியாது. ஆனால் நீங்கள் குறைக்கலாம். 9,95,000 ரூபாய் வேரியன்ட்டுக்கு வரி 1,29,350. 10,05,000 ரூபாய் வேரியன்ட்டுக்கு 1,80,900. இதோடு 10 லட்சத்தைத் தாண்டிய வண்டிக்கு 1 சதவீதம் டிசிஎஸ் (விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) வேறு பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும் என்றாலும், வாங்குகிற அன்று கையிலிருந்துதான் போகும். பத்தாயிரம் ரூபாய் கூடுதல் வேரியன்ட், கடைசியில் எழுபதாயிரத்துக்கு மேல் இழுத்துவிடும். எவ்வளவு சாமர்த்தியமாகப் பேரம் பேசினாலும் இந்த அளவு மிச்சம் பிடிப்பது கஷ்டம். அதனால் 10 லட்சத்தை ஒட்டிய வண்டி பார்ப்பவர்கள், சன்ரூஃப் வேண்டுமா வேண்டாமா என்பதை ஷோரூமுக்குள் நுழையும் முன்பே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள்.

இன்னொன்று. முன்பு எப்போதோ மச்சான் வாங்கிய விலையை வைத்துப் பேசாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், பெரியவற்றுக்கு 40 என்று மாறிவிட்டது. அதற்கு முந்தைய எந்தக் கணக்கும் இன்றைக்கு உதவாது.

பெரிய தள்ளுபடியா, சின்ன மொத்தமா

எடுத்துக்காட்டுக்கு இரண்டு கொட்டேஷன்கள். ஒரே வண்டி, எக்ஸ்-ஷோரூம் 9,00,000, வரி 1,17,000. முதல் தாளில் கொட்டை எழுத்தில் 30,000 தள்ளுபடி. கீழே இன்சூரன்ஸ் 44,000, 'எசென்ஷியல் கிட்' என்ற பெயரில் மேட், மட்ஃப்ளாப், சீட் கவர் வகையில் 22,000, ஹேண்ட்லிங் 7,500. இரண்டாவது தாளில் தள்ளுபடி 18,000தான். இன்சூரன்ஸ் 33,000, வேறு எதுவும் இல்லை. கூட்டிப் பாருங்கள்: முதலாவது 10,60,500, இரண்டாவது 10,32,000. தள்ளுபடி அதிகம் கொடுத்தவர் 28,500 ரூபாய் கூடுதலாக வாங்குகிறார்.

ஆகவே "எவ்வளவு குறைப்பீங்க?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "வண்டி வீட்டுக்கு வந்து நிற்க மொத்தம் எவ்வளவு தம்பி?" என்று கேளுங்கள். ஹேண்ட்லிங் என்று ஒரு தொகை இருந்தால் எதற்கென்று கேட்டு அடிக்கச் சொல்லுங்கள். சத்தமில்லாமல் அடித்துவிடுவார்கள். அடிக்க மறுத்தால் அதே தொகைக்கு வேறு எங்காவது இறக்கச் சொல்லுங்கள். சீட் கவரும் மேட்டும் வெளியே நல்லதாகவே கிடைக்கும்.

வேறு கம்பெனி விலையா, அதே கம்பெனியின் வேறு டீலரா

"பக்கத்து ஷோரூம்ல வேற வண்டி இதைவிடக் கம்மி" என்று சொன்னால் விற்பனைப் பையன் உங்களுக்கு ஏர்பேக், மைலேஜ், ரீசேல் என்று வகுப்பு எடுப்பான். விலை நகராது. அதே கம்பெனியின் இன்னொரு டீலர் சீல் போட்டுக் கொடுத்த தாளை மேசையில் வைத்தால் பேச்சு மாறும். கொஞ்சம் இருங்கள் சார் என்று உள்ளே போய் மேனேஜரோடு வருவான். டீலர் தன் லாபத்தில் விட்டுக்கொடுக்கும் பணம் அங்கேதான் வெளியே வரும்.

அதற்குத் திருச்சிவரை போக வேண்டுமா? மதுரையிலேயே நீங்கள் பார்க்கும் கம்பெனிக்கு இரண்டு டீலர்கள் இருந்தால் தேவையே இல்லை. ஒருவர்தான் என்றால் தேனி, திண்டுக்கல், விருதுநகர் என்று கிளம்புவோம். அங்கேதான் ஒரு பொறி. அந்த ஊர் ஷோரூம் பல நேரம் மதுரை டீலரின் கிளையாகவே இருக்கும். பெயர்ப்பலகையைப் பார்த்தால் தெரியாது. கொட்டேஷனின் தலைப்பில் ஜிஎஸ்டி எண்ணைப் பாருங்கள்; இரண்டு தாளிலும் ஒரே எண் என்றால் முதலாளி ஒருவரே. அவரோடு அவரை மோதவிட முடியாது. அப்போதுதான் திருச்சி, கோவை, திருநெல்வேலி என்று போவதில் அர்த்தம் உண்டு.

வெளியூரில் எடுத்தாலும் மாநிலத்துக்குள் வரி ஒன்றுதான். டிஎன்-58, 59, 64 என்று உங்கள் பகுதிக்கான மதுரை நம்பரிலேயே பதியலாம். கம்பெனி வாரண்டியும் எந்த ஊரிலும் அந்தக் கம்பெனியின் ஒர்க்ஷாப்பில் செல்லும். குறை என்னவென்றால், நம்பர் பிளேட் தாமதம், ஆர்சி வரவில்லை என்ற சில்லறைத் தொல்லைகளுக்கு யாரிடம் போய் நிற்பது? ஐயாயிரம் ரூபாய் வித்தியாசத்துக்கு நான் மதுரையைத் தாண்ட மாட்டேன். முப்பதாயிரம் என்றால் யோசிக்காமல் திருச்சி பஸ் ஏறுவேன்.

ஆடியா, மார்கழியா

ஆயுத பூஜை, தீபாவளி சமயத்தில் பேரம் பேசப் போவது வீண். வண்டி வேண்டும் என்று வரிசையில் நிற்பவர்கள் இருக்கும்போது உங்களுக்கு எதற்கு இறக்க வேண்டும்? ஆடி பரவாயில்லை. கூட்டம் இருக்காது, பேச நேரம் கொடுப்பார்கள். ஆடிப்பெருக்கு அன்று மட்டும் கூட்டம் கூடும்.

என் கணக்கில் மார்கழிதான் முதலிடம். நம் ஊரில் மார்கழியில் பலர் வண்டி எடுக்க மாட்டார்கள். ஆனால் கம்பெனிக்கு அது டிசம்பர். அந்த வருஷத்துத் தயாரிப்பைத் தள்ளிவிட வேண்டும், டார்கெட் முடிக்க வேண்டும். வாங்க ஆள் இல்லாத நேரமும் விற்றே ஆக வேண்டிய நேரமும் ஒன்றாக வருவது வருஷத்தில் அந்தச் சில வாரங்கள்தான். சாமி குற்றம் ஆகுமே என்று வீட்டில் சொன்னால், டிசம்பர் 31க்குள் பில் போட்டு, தை பிறந்ததும் வண்டி எடுத்து நேராகப் பாண்டி கோயிலுக்கு ஓட்டலாம். இதற்கு ஒத்துக்கொள்ளும் டீலர்கள் உண்டு. புக்கிங்கை மட்டும் மார்கழியில் போட்டுவிட்டு பில்லைத் தைக்குத் தள்ளாதீர்கள். டெலிவரி அன்றைய விலைதான் செல்லும் என்று புக்கிங் படிவத்திலேயே இருக்கும். ஜனவரியில் விலை ஏற்றுவது பல கம்பெனிகளின் வழக்கம்.

பழைய வருஷத் தயாரிப்பு விற்கும்போது ஒரு வருஷம் மூத்ததாகத்தான் மதிக்கப்படும். பத்து வருஷம் ஓட்டுகிறவருக்கு அது பொருட்டில்லை. மூன்று வருஷத்தில் மாற்றுகிறவர் அந்த இழப்பைத் தள்ளுபடியில் கழித்துப் பார்க்கட்டும்.

மிச்சம் சில

புதுக் காருக்கு மூன்று வருஷ மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அதன் கட்டணம் எல்லா நிறுவனத்திலும் ஒன்றே: 2022 அறிவிப்புப்படி 1000 சிசி வரை 6,521, 1500 சிசி வரை 10,640, அதற்கு மேல் 24,596 ரூபாய், ஜிஎஸ்டி தனி. வித்தியாசம் முழுக்க வண்டிச் சேதத்துக்கான பகுதியில்தான். டீலரிடமே எடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. வெளியே அதே ஐடிவி (வண்டிக்குக் காப்பீட்டில் போடும் மதிப்பு), அதே ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் கிளெய்ம் தரும் வசதி) போட்டு ஒரு விலை வாங்கிக் காட்டுங்கள். பாதி நேரம் டீலரே இறங்குவார். அப்படி இறங்கினால் அவரிடமே எடுப்பது நல்லது. கிளெய்ம் வரும்போது கேஷ்லெஸ், அதாவது நாம் கையிலிருந்து கட்டாமல் கம்பெனியே ஒர்க்ஷாப்புக்குக் கட்டுவதில், சிக்கல் குறைவு.

இனி அப்பா சொன்ன ரொக்கம். நீங்கள் ஷோரூம் வழியாக லோன் எடுத்தால் அவர்களுக்கு வங்கியிடமிருந்து கமிஷன் உண்டு, ரொக்கத்தில் அது இல்லை. எனவே ரொக்கம் என்று முதலிலேயே சொல்லாதீர்கள். மொத்தத் தொகை எழுத்தில் வந்த பிறகு சொல்லுங்கள். லோன்தான் என்றால் உங்கள் வங்கியின் வட்டியோடு ஒப்பிடுங்கள்: 5 லட்சத்துக்கு 5 வருஷத்தில் 9க்கும் 9.5 சதவீதத்துக்கும் மொத்த வித்தியாசம் 7,300 ரூபாய் அளவுதான். பத்தாயிரம் கூடுதல் தள்ளுபடி தந்தால் டீலர் லோனே லாபம், ப்ராசஸிங் கட்டணத்தையும் பார்த்துக்கொண்டால்.

பழைய வண்டி எக்ஸ்சேஞ்ச் பேச்சைப் புது வண்டி விலை முடியும்வரை எடுக்கவே கூடாது. இரண்டையும் சேர்த்துப் பேசினால் இங்கே கொடுத்ததை அங்கே பிடுங்குவார்கள்.

எல்லாம் பேசி முடித்த பின் அட்வான்ஸ் டீலரின் நிறுவனக் கணக்குக்குத்தான் போக வேண்டும், விற்பனைப் பையனின் ஜிபே எண்ணுக்கு இல்லை. ரசீதில் வேரியன்ட், நிறம், மொத்தத் தொகை மூன்றும் இருக்கட்டும். பதிவுக்கு அனுப்பும் முன் யார்டுக்குப் போய் வண்டியை நேரில் பாருங்கள், சேசிஸ் எண்ணைப் போட்டோ எடுங்கள். பதிவு ஆன பிறகு "இது போன வருஷ வண்டியா?" என்று கேட்டுப் பயனில்லை.