ஆறு வருட ரூட்டரில் ஓப்பன்டபிள்யுஆர்டி: எட்டு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு

மாலை 7 மணிக்கு எனக்கு ஆன்லைன் வகுப்பு. தென்காசியில் வீட்டிலிருந்தபடியே பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். ஒரு தேற்றத்தைப் பாதி விளக்கிக்கொண்டிருக்கும்போது, "மிஸ், நீங்க பேசுறது விட்டு விட்டுக் கேக்குது" என்று ஒரு பிள்ளை சொல்லும். உடனே இன்னொரு பிள்ளையும் அதையே சொல்லும். எழுந்து போய்ப் பார்த்தால் என் மகன் அப்போதுதான் கல்லூரியிலிருந்து வந்து பையை இறக்கியிருப்பான். அவன் போன் வீட்டு வைஃபையில் சேர்ந்ததும் அன்று எடுத்த படம், வீடியோ எல்லாவற்றையும் பேக்கப்புக்கு ஏற்ற ஆரம்பித்திருக்கும்.

எங்களுடையது 100 எம்பிபிஎஸ் ஃபைபர். வேகம் சோதித்தால் எப்போதும் 90-க்கு மேல்தான் காட்டும். இணைப்பு தருகிறவர்களிடம் மூன்று முறை சொன்னேன். "ஸ்பீடு சரியா வருதே மேடம், ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்றார்கள். வேகம் சரியாக வருகிறது என்பது உண்மை. கோளாறு வேறு இடத்தில் இருந்தது. மகன் போன் சும்மா இருக்கும்போது பிங் போட்டால், அதாவது ஒரு சின்னப் பொட்டலத்தை அனுப்பிப் பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தால், 20 மில்லிசெகண்டில் பதில் வரும். படம் ஏற ஆரம்பித்ததும் அதே பிங் 400-ஐத் தாண்டும். அந்த நேரத்தில்தான் என் குரல் உடையும்.

இதற்குப் பஃபர்பிளோட் என்று பெயர். ரேஷன் கடையில் ஒருவர் தெரு முழுவதன் கார்டையும் எடுத்துவந்து முன்னால் நின்றால், ஒரு பாக்கெட் பாமாயிலுக்கு வந்தவரும் அத்தனை பேருக்கும் அரிசி அளந்து முடியும் வரை நிற்க வேண்டும். மோடமிலும் ரூட்டரிலும் டேட்டா நிற்கும் வரிசையும் அப்படித்தான். வரிசைக்கு இடம் தாராளமாக இருப்பதால் பெரிய பைல்கள் அதை நிரப்பிவிடுகின்றன. குரல் போன்ற சின்னச் சின்னப் பொட்டலங்கள் பின்னால் மாட்டிக்கொள்கின்றன. ஜிம் கெட்டிஸ் இதற்குப் பெயர் வைத்தார். டேவ் டாட் என்பவர் பல வருடம் இதற்காகவே உழைத்தார். அவர்கள் வட்டாரத்திலிருந்து வந்த கேக் என்ற வரிசை முறை 2018-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் 4.19 பதிப்பில் சேர்ந்தது. டேவ் டாட் 2025 ஏப்ரலில் காலமானார். இன்று என் வகுப்பு தடங்கலில்லாமல் நடப்பதில் அவருக்குப் பங்கு இருக்கிறது. அதை இங்கே எழுதி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

கேக் வேண்டுமென்றால் அதைத் தரும் ஃபர்ம்வேர், அதாவது ரூட்டருக்குள் ஓடும் மென்பொருள், வேண்டும். அதற்காகத்தான் கம்பெனி மென்பொருளுக்குப் பதிலாக ஏற்றும் ஓப்பன்டபிள்யுஆர்டி. லிங்க்சிஸின் டபிள்யுஆர்டி54ஜி ரூட்டருக்குள் லினக்ஸ் ஓடுவது தெரியவந்து, 2003-இல் அதன் மூல நிரல், அதை எல்லோருக்கும் தர வேண்டும் என்று சொல்லும் ஜிபிஎல் உரிமத்தின்படி வெளியே வந்தது. அதை வைத்து 2004-இல் தொடங்கியதுதான் இந்தத் திட்டம். பெயரில் இருக்கும் டபிள்யுஆர்டி அந்த ரூட்டரிலிருந்து வந்தது. காசு எதுவும் கிடையாது.

என்னிடம் இருந்தது 2019-இல் வாங்கிய டிபி-லிங்க் ஆர்ச்சர் சி7. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். "சி7" என்று மட்டும் தெரிந்தால் போதாது. ரூட்டரைத் திருப்பி, அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் வெர்ஷன் பார்க்க வேண்டும். என்னுடையது வெர்ஷன் 5. வெர்ஷன் 2-க்கும் 5-க்கும் பெட்டி மட்டுமா வேறு, உள்ளே சிப்பே வேறு. ஓப்பன்டபிள்யுஆர்டி தளத்தில் ஒவ்வொரு மாடலுக்கும் வெர்ஷனுக்கும் தனித்தனியாக விவரம் இருக்கிறது. என்னுடையதில் மென்பொருள் தங்கும் ஃபிளாஷ் 16 எம்பி, ஓடும்போது பயன்படும் ராம் 128 எம்பி. இன்றைய நிலையில் இது தாராளம் இல்லை, ஆனால் ஓடும். பரணில் 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ராமோடு இன்னொரு பழைய ரூட்டர் இருந்தது. அந்த அளவுக்கு இப்போதைய பதிப்புகள் வருவதில்லை என்று தளத்திலேயே எழுதியிருக்கிறது, அதனால் அதைத் தொடவில்லை. இணைப்பு தருகிறவர்கள் மாட்டிவிட்டுப் போகும் ஃபைபர் பெட்டியில் இதை ஏற்றலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பெரும்பாலும் முடியாது. அதை அப்படியே விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் இன்னொரு ரூட்டரை வைத்து அதில் ஏற்றுங்கள்.

ஒவ்வொரு மாடலுக்கும் இரண்டு பைல் இருக்கும். கம்பெனி மென்பொருளிலிருந்து முதல்முறை மாறுவதற்கு 'ஃபேக்டரி' என்ற பெயரில் வருவது. ஏற்கெனவே ஓப்பன்டபிள்யுஆர்டியில் இருப்பவர்கள் புதுப்பிப்பதற்கு 'சிஸ்அப்கிரேடு'. இறக்கிய பிறகு, பைல் பிசகாமல் வந்ததா என்று காட்டும் ஷா256 எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், ஒரு நிமிட வேலை. லேன் கேபிள் கண்டிப்பாக வேண்டும், வைஃபை வழியாக ஏற்றாதீர்கள்.

நான் எல்லாம் சரியாகத்தான் செய்தேன். மதியம் 2 மணி. பைல் ஏறியது, திரையில் பச்சைக் கோடு நகர்ந்தது, "பவரை நிறுத்தாதீர்கள்" என்று வந்தது. அப்போது கரண்ட் போனது. இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நினைத்தேன். மின்விசிறி ஒரு கணம் தளர்ந்து மறுபடி சுற்றியது. அந்த ஒரு கணம் போதும். இன்வெர்ட்டர் மாறும் இடைவெளியில் மின்விசிறிக்கு எதுவும் ஆகாது, ரூட்டர் அணைந்து எழும். என் ரூட்டர் அணைந்தது, எழவில்லை. பவர் விளக்கு மட்டும் எரிந்தது. ரூட்டரின் நிர்வாகப் பக்கம் பழைய முகவரியான 192.168.0.1-இலும் வரவில்லை, புது முகவரியான 192.168.1.1-இலும் வரவில்லை. மணி 2:10. ஏழு மணிக்கு வகுப்பு.

இந்த இடத்தில் பயந்து ரூட்டரைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஃபர்ம்வேர் எழுதப்படும் இடம் வேறு, ரூட்டர் எழும்போது முதலில் ஓடும் சின்ன நிரலான பூட்லோடர் இருக்கும் இடம் வேறு. எழுதும்போது பாதியில் நின்றாலும் பூட்லோடரை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். இந்த மாடலில் ரீசெட் பட்டனை அழுத்தியபடி பவர் கொடுத்தால், பூட்லோடர் கேபிளின் மறுமுனையில் 192.168.0.66 என்ற முகவரியில் ஒரு டிஎஃப்டிபி சர்வரை, அதாவது கேட்ட பைலைக் கொடுக்கும் எளிய நிரலை, தேடும். அங்கே 'ஆர்ச்சர்சி7வி5' என்று தொடங்கி 'டிபி ரெக்கவரி' என்று முடியும் பெயரில் ஒரு பைலைக் கேட்கும். ஆக, லேப்டாப்பின் ஐபி முகவரியைக் கையால் 192.168.0.66 என்று மாற்றி, ஃபேக்டரி பைலுக்கு அந்தப் பெயரை எழுத்துப் பிசகாமல் வைத்து, டிஎஃப்டிபிடி64 என்ற சின்ன நிரலை ஓடவிட்டேன். சரியான பெயரும் முகவரியும் அந்தந்த மாடலின் பக்கத்தில் இருக்கும்.

முதல் இரண்டு முறை ஒன்றும் நடக்கவில்லை. நிரலின் பதிவுப் பகுதி வெறுமையாகவே இருந்தது. இரண்டு காரணம். ஒன்று, விண்டோஸ் ஃபயர்வால் வெளியிலிருந்து வரும் கோரிக்கையைத் தடுத்துக்கொண்டிருந்தது. இரண்டாவது கொஞ்சம் நுட்பமானது. ரூட்டரை அணைத்தால் லேப்டாப்பின் லேன் போர்ட்டும் இணைப்பு இல்லை என்று படுத்துவிடுகிறது. ரூட்டர் எழுந்து பைலைக் கேட்கும் அந்தச் சில நொடியில் லேப்டாப் இன்னும் தயாராகவில்லை. நடுவில் ஒரு சாதாரண ஐந்து போர்ட் சுவிட்சை வைத்தால் லேப்டாப் பக்கம் இணைப்பு விழாமல் இருக்கும். என் தம்பி வீட்டிலிருந்து ஒரு சுவிட்சும், ரூட்டருக்கென்றே விற்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்றும் வாங்கிவந்தேன். மூன்றாம் முறை, ரீசெட்டை அழுத்திப் பதினைந்து வரை எண்ணி விட்டதும், வெறுமையாக இருந்த பதிவில் ஒரு வரி வந்தது: இன்ன முகவரியிலிருந்து இன்ன பைல் கேட்கப்படுகிறது. அந்த ஒரு வரியைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. ஐந்து நிமிடம் எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். விளக்குகள் வந்தன.

அன்று வகுப்பை மொபைல் டேட்டாவில்தான் எடுத்தேன். மீதி வேலை இரவில்.

ஏற்றி முடித்ததும் வைஃபை தெரியவில்லை என்று கலங்க வேண்டாம். ஓப்பன்டபிள்யுஆர்டி முதலில் வைஃபையை அணைத்தே வைத்திருக்கும். கேபிள் போட்டு 192.168.1.1-க்குப் போனால் லூசி என்ற நிர்வாகப் பக்கம் திறக்கும். பயனர் ரூட், பாஸ்வேர்டு கிடையாது. முதல் வேலையாகப் பாஸ்வேர்டு வையுங்கள்.

அடுத்து இணையம் வரவில்லை. இதில் ஒரு மணி நேரம் போனது. என் ஃபைபர் மோடமின் முகவரியும் 192.168.1.1. இரண்டு பக்கமும் ஒரே முகவரி வரிசை இருந்தால் ரூட்டருக்கு எது உள்ளே எது வெளியே என்று தெரியாது. ரூட்டரின் லேன் (வீட்டுப் பக்கத்து) முகவரியை 192.168.2.1 என்று மாற்றிச் சேமித்தேன். சிறிது நேரத்தில் அது பழையபடி 1.1-க்கே திரும்பிவிட்டது. மறுபடி மாற்றினேன், மறுபடி திரும்பியது. அப்புறம்தான் புரிந்தது. மாற்றம் செய்த பிறகு 90 நொடிக்குள் நம் பிரவுசர் ரூட்டரைத் தொடாவிட்டால், நாம் வெளியே பூட்டிக்கொண்டோம் என்று நினைத்து அது பழைய அமைப்புக்குப் போய்விடும். நல்ல பாதுகாப்புதான். கேபிளைக் கழற்றி மாட்டிப் புது முகவரி வாங்கிக்கொண்டு, 90 நொடிக்குள் 192.168.2.1-ஐத் திறந்தால் மாற்றம் நிலைத்துவிடும்.

வைஃபையில் நாட்டை இந்தியா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸில் சில சேனல்களைக் கொடுத்தால், நாட்டின் விதியைப் பொறுத்து, பக்கத்தில் ரேடார் இருக்கிறதா என்று ஒரு நிமிடம் கேட்டுவிட்டுத்தான் அது ஒலிபரப்பும். அதுவரை வைஃபை செத்துக் கிடப்பது போலத் தெரியும். 36-ஆம் சேனலுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. நான் 36-இலேயே வைத்திருக்கிறேன்.

இனி எதற்காக இத்தனையும் செய்தேனோ அது. மென்பொருள் பகுதியில் முதலில் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும். அந்தப் பட்டியல் ராமில் இருப்பதால் ரூட்டர் ஒவ்வொரு முறை அணைந்து எழும்போதும் காணாமல் போகும், அதனால் ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும். பிறகு, கேக்கை ஓட்டி வரிசையை நிர்வகிக்கும் எஸ்க்யூஎம்-மின் லூசி செயலியை நிறுவினேன். அதில் வான் பக்கத்து (வெளியே மோடமுக்குப் போகும்) இணைப்பைத் தேர்ந்தெடுங்கள். தவறி லேன் பக்கத்தைக் கொடுத்தால் இறக்கமும் ஏற்றமும் தலைகீழாகிவிடும். வேகத்தைக் கிலோபிட்டில் கேட்கும், நான் இரண்டுக்கும் 88000 கொடுத்தேன். நிஜ வேகத்தைவிடக் கொஞ்சம் குறைவாகக் கொடுப்பதில்தான் விஷயமே இருக்கிறது. அப்போதுதான் வரிசை மோடமில் நிற்காமல் நம் ரூட்டரில் நிற்கும், கேக் அதை ஒழுங்குபடுத்தும். வரிசை முறை கேக், ஸ்கிரிப்ட் பீஸ் ஆஃப் கேக், ஒவ்வொரு பொட்டலத்தோடும் சேரும் கூடுதல் பைட்டுக்கான ஈதர்நெட் ஓவர்ஹெட் 44. ஃபயர்வால் பக்கத்தில் ஃப்ளோ ஆஃப்லோடிங் என்ற வேகக் குறுக்குவழியைப் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், அது பொட்டலங்களை எஸ்க்யூஎம்-மைத் தாண்டி அனுப்பிவிடும்.

சேமித்துவிட்டு மகனிடம் சொல்லி ஒரு பெரிய வீடியோவை ஏற்றச் சொன்னேன். பிங் 20-இல் இருந்தது 26 ஆனது, 31 ஆனது, மறுபடி 24. அதற்கு மேல் போகவில்லை. "அம்மா, ஏறிக்கிட்டுத்தான் இருக்கு" என்றான். அவனுடைய ஏற்றமும் நிற்கவில்லை, எனக்கும் குறையவில்லை. மறுநாள் வகுப்பில் ஒன்றரை மணி நேரம் யாரும் "கேக்கல மிஸ்" என்று சொல்லவில்லை. இந்த எட்டு மாதத்தில், பின்னால் சொல்லப்போகும் ஒரு மாலையைத் தவிர, சொல்லவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஓப்பன்டபிள்யுஆர்டியின் 24.10 வரிசையில் அடுத்த பதிப்பு வந்தபோது சிஸ்அப்கிரேடு செய்தேன். அமைப்புகள் அப்படியே இருந்தன, ஆனால் நான் தனியாக நிறுவிய எஸ்க்யூஎம் போய்விட்டது. அன்று மாலையே குரல் உடைந்தது. திரும்ப நிறுவியதும் பழைய அமைப்பை எடுத்துக்கொண்டது. அட்டெண்டட் சிஸ்அப்கிரேடு என்ற வழியில் போனால், நாம் நிறுவியவற்றையும் சேர்த்தே பைல் தயாராகி வரும். இப்போது அதைத்தான் செய்கிறேன். நிறுவியிருக்கும் எல்லாப் பொதிகளையும் மொத்தமாகப் புதுப்பிக்கும் வேலையில் மட்டும் இறங்காதீர்கள், ரூட்டரே எழாமல் போகலாம். நிர்வாகப் பக்கத்தில் தலைப்புகள் ஏராளம், புதியவருக்குத் தலைசுற்றும். பெட்டிக்கு வாரண்டி இருந்தால் அது முடியும் வரை பொறுப்பது நல்லது. படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு, நடுவில் எதுவும் ஆனால் வேறு இணைய வழி இல்லாதவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். மற்றவர்களுக்கு, ஐந்துக்கு நாலரை.

போன மாதம் எங்கள் இணைப்பை 200 எம்பிபிஎஸுக்கு உயர்த்தினார்கள். எஸ்க்யூஎம்-மில் 180000 கொடுத்துப் பார்த்தேன். சி7-இன் சிப் ஒற்றைக் கோர், 750 மெகாஹெர்ட்ஸ், அதனால் அந்த வேகத்தில் கேக்கை ஓட்ட அதற்குத் தெம்பில்லை. பிங் மறுபடி தாவியது. 130000-க்கு இறக்கினேன், அடங்கியது. மகனுக்கு வருத்தம்தான், 70 வீணாகிறதே என்கிறான். புது ரூட்டர் அவன் சம்பாதித்து வாங்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். ஃபேக்டரி பைலும் டிஎஃப்டிபி நிரலும் இருக்கும் பென்டிரைவை ரூட்டர் அடியில் டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன்.