பி0452 வந்தால்: சென்சாரை மாற்றுவதா, புகை விடுவதா, மீட்டரை எடுப்பதா?

கலிஃபோர்னியாவில் ஸ்மாக் செக் (கார் வெளியிடும் மாசுக்கான அரசுச் சோதனை) நெருங்குகிற நேரமாகப் பார்த்து என் பழைய செடானில் செக் என்ஜின் லைட் எரிந்தது. காரின் கம்ப்யூட்டர் பதிந்த கோளாறுக் கோட் பி0452. பெட்ரோல் டாங்கில் சேரும் ஆவியின் அழுத்தத்தை அளக்கிற சென்சாரிடமிருந்து வரும் வோல்டேஜ் ரொம்பக் குறைவு என்று அதற்குப் பொருள். ரொம்ப அதிகம் என்றால் பி0453, அளவு வருகிறது ஆனால் நம்பும்படி இல்லை என்றால் பி0451. முன்னால் மூன்று வழி இருந்தது: கண்ணை மூடிக்கொண்டு சென்சாரை மாற்றுவது, ஷாப்பில் கொடுத்து ஆவிக் குழாய்களுக்குள் புகை விட்டு எங்கே கசிகிறது என்று பார்ப்பது, மலிவான ப்ளூடூத் ஸ்கேனரும் மல்டிமீட்டரும் வைத்து நாமே சோதிப்பது. நான் எடுத்தது மூன்றாவது, அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும்.

சென்சாரை மாற்றுவது பற்றிப் பேச அதிகம் இல்லை. சில கார்களில் அது கார்பன் கனிஸ்டர் (பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பா) பக்கத்திலேயே கைக்கு எட்டும், பழைய சென்சாரைக் கழற்றிப் புதிதை மாட்டுவது சுலபம். ஆனால் நிறைய கார்களில் அது டாங்கின் தலையில் உட்கார்ந்திருக்கும், டாங்கையே இறக்க வேண்டும், சென்சார் விலையை விடக் கூலி பெரிதாக வரும். இந்த மாதிரி கோட் அந்த சர்க்யூட்டில் கோளாறு என்று மட்டும்தான் சொல்கிறது, சென்சார் போய்விட்டது என்று சொல்லவில்லை.

புகை சோதனை நல்ல சோதனை, ஆனால் அது வேறு நோய்க்கு. பி0442, பி0455, பி0456 போன்ற கசிவுக் கோட்களுக்கு அதை மிஞ்ச ஒன்றும் இல்லை. பி0456 தேடுவது 0.020 அங்குல ஓட்டையை, அதாவது அரை மில்லிமீட்டர். அதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் ஒரு கம்பியில் 5 வோல்ட் வருகிறதா இல்லையா என்பதைப் புகை எப்படிச் சொல்லும்? பி0452-க்கு எடுத்ததுமே புகை விடலாம் என்று ஷாப்பில் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். பி0451 என்றால் பதில் அவ்வளவு நேராக இருக்காது, வெண்ட் (வெளிக்காற்று வந்துபோகும் வழி) பக்கம் அடைப்பு இருந்தாலும் அந்தக் கோட் வரலாம், அங்கே ஷாப்புக்குப் போவதில் தப்பில்லை. பெயின்ட் டப்பாவில் புகை மெஷின் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்த அமைப்பு தாங்கும் அழுத்தம் 1 பிஎஸ்ஐ-க்கும் கீழேதான், கம்ப்ரஸரை நேராக மாட்டிவிடாதீர்கள்.

இப்போது மீட்டர். இதன் பலமே எதையும் இறக்காமல் பதில் கிடைப்பதுதான். முதலில் கோட்டை அழிக்காமல் ஃப்ரீஸ் ஃப்ரேமை (கோட் விழுந்த நொடியில் கார் பதிந்து வைத்த அளவுகளை) குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பெட்ரோல் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, என்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ஆப்பில் ஆவி அழுத்தத்தைப் பாருங்கள். மூடி திறந்திருக்கும்போது உள்ளேயும் வெளியேயும் ஒரே காற்றழுத்தம், ஆகவே அளவு சுழியை ஒட்டி நிற்க வேண்டும். வோல்ட்டில் அது எவ்வளவு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஹோண்டாவில் சுமார் 2.5, ஜிஎம்மில் சுமார் 1.5, அதனால் உங்கள் காரின் ரிப்பேர் மேனுவலைப் பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள். மூடி திறந்தும் அளவு ஒரு ஓரத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் சென்சாரின் கனெக்டரைக் கழற்றுங்கள். மூன்று கம்பி இருக்கும்: 5 வோல்ட், கிரவுண்ட், சிக்னல். 5 வோல்ட் வரவில்லையென்றால் எத்தனை புது சென்சார் போட்டாலும் பி0452 போகாது. அது வந்து, கிரவுண்டும் சரியாக இருந்தால், ஃபியூஸ் வைத்த மெல்லிய ஒயரால் 5 வோல்ட்டையும் சிக்னலையும் இணைத்துப் பாருங்கள். ஆப்பில் அளவு உச்சிக்குத் தாவினால் ஒயரிங்கும் கம்ப்யூட்டரும் நலம், சென்சார்தான் போய்விட்டது. (பெட்ரோல் ஆவி இருக்கும் இடம், தீப்பொறி வரும் எந்த வேலையும் வேண்டாம்; கார் ஜாக்கில் மட்டும் நின்றால் அடியில் போகவும் வேண்டாம்.)

என் காரில் 5 வோல்ட் வரவே இல்லை. அதே 5 வோல்ட்டைப் பகிரும் மற்ற சென்சார்கள் எதுவும் புகார் சொல்லாததால், பொதுக் கம்பி நலம், இந்தக் கிளையில்தான் எங்கோ அறுந்திருக்கிறது என்று புரிந்தது. தேடிப் பார்த்தால் எலி கடித்த ஒயர். டாங்கை இறக்கிப் புது சென்சார் போட்டிருந்தாலும் லைட் திரும்ப எரிந்திருக்கும்.

மீட்டர் வழிக்கும் குறை உண்டு. சென்சார் டாங்கின் தலையில் இருந்தால் கனெக்டரே கைக்கு எட்டாது. விலை குறைந்த சில ஸ்கேனர் ஆப்களில் ஆவி அழுத்தம் காட்டாது, வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். ப்ளக்-இன் ஹைப்ரிட்டில் டாங்க் அழுத்தத்தோடு மூடியிருக்கும், மூடி திறக்கவே பட்டனை அமுக்கிக் காத்திருக்க வேண்டும். அந்த வகையில் நான் கை வைத்ததில்லை, அங்கே என் பேச்சைக் கேட்காதீர்கள்.

எந்த வழியில் சரி செய்தாலும், கோட்டை அழித்த கையோடு ஸ்மாக் செக்குக்கு ஓடாதீர்கள். அழித்தால் கார் தன்னைத் தானே செய்துகொள்ளும் சோதனைகளும் (மானிட்டர்கள்) முதலிலிருந்து தொடங்கும். 2000-ஆம் வருட மாடல் முதல் வந்த பெட்ரோல் கார்களில் ஆவி மானிட்டர் மட்டும் முடியாமல் இருந்தால் கலிஃபோர்னியா விட்டுவிடும், மற்ற மானிட்டர்கள் தயாராக இருக்க வேண்டும். 2010-ஆம் வருட மாடல் முதல் வந்த கார்களில் ஸ்கேனரால் அழிக்க முடியாத நிரந்தரக் கோட்டையும் பார்க்கிறார்கள். கோட் அழித்தபின் 200 மைல் ஓடி, 15 முறை என்ஜின் குளிர்ந்து சூடானால்தான் அதைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.