மாதம் 60,000 ரூபாய்க்கு ஒரு வாடகை சிஐஓ: ஒன்றரை வருட அனுபவம்

முதலில் பில்லைச் சொல்லிவிடுகிறேன், கணக்கு எழுதுகிறவளுக்கு அதுதான் வழக்கம். மாதம் 60,000 ரூபாய். 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தால் 70,800. அந்த வரி இன்புட் கிரெடிட்டாக, நாங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழிந்துவிடும், அதை விடுங்கள். வாரத்தில் இரண்டு நாள் ஆள் நேரில் வருவார். குறைந்தது ஆறு மாதம் ஒப்பந்தம். மென்பொருள், டேப்லெட், ஸ்கேனர், பிரிண்டர் எல்லாம் தனிக் காசு. பெரிய கம்பெனிகளில் கம்ப்யூட்டர், மென்பொருள், டேட்டா எல்லாவற்றுக்கும் பொறுப்பாக சிஐஓ (சீஃப் இன்ஃபர்மேஷன் ஆபீசர்) என்று ஒருவரை முழுநேரமாக வைத்துக்கொள்கிறார்கள் அல்லவா, அந்தப் பதவியைப் பங்கு போட்டு எங்களைப் போன்ற சின்னக் கம்பெனிகளுக்கு விற்கிற சேவை இது. எங்கள் முதலாளி இதற்கு வைத்த பேர் 'வாடகை ஆபீசர்'.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 22 வருடமாக அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். 130 பேர் வேலை செய்கிற இடம், பாதிக்கு மேல் ஏற்றுமதி. சேவை கொடுத்த நிறுவனத்தின் பேரைச் சொல்லப் போவதில்லை. நல்லதும் கெட்டதும் கலந்து சொல்ல வேண்டியிருக்கிறது, ஊர் சின்னது.

இதற்கு முன்னால் ஒரு கதை உண்டு. 2022 அக்டோபர் 1 முதல் 10 கோடிக்கு மேல் டர்ன்ஓவர் இருந்தால் இ-இன்வாய்ஸ், அதாவது பில்லை அரசுத் தளத்தில் பதிந்து எண் வாங்குவது, கட்டாயம் என்று வந்தது. அந்தச் சாக்கில் ஒரு மென்பொருள் கம்பெனிக்காரர்கள் வந்து, "இன்வாய்ஸ் மட்டும் எதற்கு, நூல் வாங்குவதிலிருந்து பெட்டி ஏற்றுவது வரை எல்லாவற்றையும் டிஜிட்டல் ஆக்கிவிடலாம்" என்றார்கள். நாற்பது ஸ்லைடு காட்டினார்கள். ஸ்டோர் அண்ணன் தன் நீள நோட்டை எடுத்துக் காட்டியபோது வந்தவர்களில் ஒரு பையன் சிரித்தான். அன்றைக்கே அந்த வேலை முடிந்துபோனது என்று எனக்குத் தோன்றியது. முதலாளிக்குத் தோன்ற ஒரு வருடமும் சில லட்சமும் ஆயின. இன்வாய்ஸ் மட்டும் ஒழுங்காகப் போனது. மற்றதெல்லாம் பழையபடி நோட்டில்தான்.

அந்தச் சூட்டில்தான் 2024 ஜூனில் இந்த வாடகை ஆபீசர் வந்தார். கோயம்புத்தூர்க்கார அம்மா, என் வயதுதான் இருக்கும். பெரிய ஐடி கம்பெனிகளில் இருந்துவிட்டு வந்தவர். முதல் நாள் மீட்டிங் போடுவார், நோட்ஸ் எடுக்க வேண்டும் என்று நான் தயாராக இருந்தேன். அவர் நேராக ஸ்டோருக்குப் போய் ஒரு நூல் மூட்டை மேல் உட்கார்ந்தார். வந்த முதல் ஆறு நாளும், அதாவது மூன்று வாரம், அங்கேதான். லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. 'இதற்கா 60,000' என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் தொழிலில் ஒரு ஆர்டர் ஒரே கூரைக்குள் முடியாது. நூல் வாங்கி நிட்டிங்குக்கு அனுப்ப வேண்டும், துணி ஆனதும் சாயப்பட்டறைக்கு, அங்கிருந்து துணியை அழுத்திச் சீராக்குகிற காம்பாக்டிங்குக்கு, அப்புறம்தான் எங்கள் கட்டிங் டேபிளுக்கு. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு டிசி, அதாவது சரக்கோடு போகிற டெலிவரி சலான். ஒவ்வொரு இடத்திலும் எடை கொஞ்சம் குறையும். சாயத்துக்கு 100 கிலோ அனுப்பினால் 95 திரும்பி வந்தால் நல்லது. அந்த 5 கிலோ நியாயமாகக் குறைந்ததா, யாராவது குறைத்ததா என்பதில்தான் எங்கள் லாபம் நிற்கிறது.

ஸ்டோர் அண்ணனின் நோட்டில் சில எடைகளைச் சுற்றிச் சிவப்பு வட்டம் இருக்கும். நானே பல வருடம் பார்த்திருக்கிறேன், ஏதோ திருத்தம் என்று விட்டுவிட்டேன். இந்தம்மா கேட்டார். அண்ணன் சொன்னார்: "அது ஈரமா வந்த துணிங்க, அம்மிணி. சரியாக் காயாம அனுப்பீட்டாங்கன்னா எடை தூக்கலாக் காட்டும். நட்டமே இல்லாத மாதிரி இருக்கும். அடுத்த நாள் மறுபடி எடை போட்டாத்தான் நெசம் தெரியும்."

சாயப்பட்டறை பில்லை இத்தனை வருடமாகப் பாஸ் செய்து கையெழுத்துப் போட்டவள் நான். மூஞ்சியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அந்தம்மா செய்தது ஒன்றுதான். துணி வரவுப் பக்கத்தில் 'மறுஎடை' என்று ஒரு கட்டம் கேட்டார். அது நிரம்பாமல் சாயக்கூலி பில் என் மேசைக்கு வராது. இந்தத் தடவை போடவிருந்த புது மென்பொருளின் ஆட்கள் "எங்கள் ஸ்டாண்டர்டில் அப்படி இல்லை" என்றார்கள். அவர் விடவில்லை.

சரி, நம் பக்கம் பேசுகிற ஆள் என்று முதலாளி குஷியாகி, பதினோரு மாற்றம் கேட்டு ஒரு பட்டியல் கொடுத்தார். ரிப்போர்ட்டில் அவர் அப்பா காலத்துக் கலர், பார்ட்டிகளுக்கு அவர் வைத்த செல்லப்பேர், இப்படி. அதில் பத்தை அந்தம்மா அடித்துவிட்டார். லிட்ல் கதையைச் சொல்லித்தான் அடித்தார். ஜெர்மனி சூப்பர் மார்க்கெட் கம்பெனி, 2011-ல் எஸ்ஏபி மென்பொருள் போட ஆரம்பித்தார்கள். சரக்கிருப்பை வாங்கின விலையில் மதிப்பிடுவது அவர்கள் பழக்கம். மென்பொருளோ விற்கிற விலையில் மதிப்பிடும். பழக்கத்தை விட மாட்டோம் என்று மென்பொருளை நெளித்துக்கொண்டே போய், கிட்டத்தட்ட 50 கோடி யூரோ செலவழித்து, 2018-ல் தூக்கிப் போட்டார்கள். "உங்க பட்டியல்ல பணத்தைக் காப்பாத்துற பழக்கம் எது, வெறும் பழக்கம் எதுன்னு நீங்களே சொல்லுங்க சார்" என்றார். முதலாளி பேனாவை மூடினார். எங்கள் முதலாளியிடம் அப்படிப் பேசி நான் யாரையும் பார்த்ததில்லை. சம்பளத்துக்கு இருக்கிற நாங்கள் பேச முடியாததைப் பேசுவதற்கு ஒரு வெளியாள், அதற்கும் சேர்த்துத்தான் அந்த 60,000 என்று இப்போது நினைக்கிறேன்.

எப்போது துவங்குவது என்பதிலும் சண்டை. முதலாளிக்கு ஆயுதபூஜை அன்றே வேண்டும். அந்தம்மா முடியாது என்றார். தீபாவளிக்கு முன்னால் போனஸ், ஷிப்மெண்ட், லீவுக்குப் போகிற அவசரம் என்று ஊரே தலைகீழாக இருக்கும். இதற்கும் ஒரு கதை வைத்திருந்தார்: அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் கம்பெனி 1999-ல் ஹாலோவீன் சீசனுக்கு முன்னால் புது மென்பொருளை ஓட்டி, 10 கோடி டாலர் ஆர்டரை நேரத்துக்கு அனுப்ப முடியாமல் போனதாம், கிடங்கில் சரக்கு இருந்தும். கடைசியில் ஆயுதபூஜைக்கு கம்ப்யூட்டருக்கும் ஸ்கேனருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை கொடுத்து, அணைத்து வைத்தோம். தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வராத அந்த மந்தமான வாரத்தில் ஓட்டினோம். தப்பு வந்தாலும் பொறுமையாகத் திருத்த நேரம் இருந்தது. திருப்பூரின் நாடித்துடிப்பை ஐந்தே மாதத்தில் பிடித்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

தப்பு வராமலும் இல்லை. கட்டிங் முடிந்ததும் ஒவ்வொரு பண்டிலுக்கும் பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டினோம். பவர் டேபிள் (தையல் மெஷின் வரிசை), செக்கிங் வரை அருமையாக ஸ்கேன் ஆனது. அயர்னிங்குக்குப் போனதும் எல்லா ஸ்டிக்கரும் கறுத்துப்போனது. அது சூடு பட்டால் கறுக்கிற தெர்மல் பேப்பர். பஸ் டிக்கெட்டைப் பாக்கெட்டில் வைத்து இஸ்திரி போட்டால் என்ன ஆகும், அதே கதை. இருபது வருட அனுபவம் உள்ள ஆபீசருக்கும் அது தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அயர்னிங் மாஸ்டர் மட்டும், "கேட்டிருந்தா சொல்லியிருப்பேனுங்க" என்றார். ரிப்பன் போட்டு அச்சடிக்கிற பிரிண்டர் வாங்கினோம், புதிதாக 24,000 ரூபாய். இதில் பாதியையாவது அவர்கள் ஏற்றிருக்க வேண்டும். கேட்டேன். சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார்கள்.

இன்னொன்று, எங்கள் கம்பெனியில் இன்றுவரை சிரிப்பது. ஸ்டோர் ஆட்களுக்காகத் திரையைத் தமிழில் கேட்டோம். மென்பொருள்காரர்கள் இயந்திரத்தில் போட்டு மொழிபெயர்த்து அனுப்பிவிட்டார்கள். நூலை நிட்டிங்குக்கு இஷ்யூ செய்கிற பட்டனில் 'நூல் பிரச்சினை' என்று இருந்தது. மாற்றச் சொல்லட்டுமா என்றதற்கு ஸ்டோர் அண்ணன், "இருக்கட்டுமுங்க, சரியாத்தான போட்டிருக்காங்க" என்றார். பிறகு 'நூல் பற்று' என்று மாற்றினோம், ஆனால் இன்னும் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

ஆட்கள் விஷயத்துக்கு வருகிறேன். இங்கேதான் அந்தம்மா ஒரு தடவை நன்றாகச் சறுக்கினார், ஒரு தடவை பிரமாதமாகச் செய்தார்.

சறுக்கியது: கோயம்புத்தூரிலிருந்து 35,000 சம்பளத்தில் ஒரு பிஇ பையனை டேட்டா பார்க்க எடுக்கச் சொன்னார். நல்ல பையன். தினமும் போக வர மூன்று மணி நேரம் பஸ். கிலோவிலிருந்து பீஸுக்கு மாறுகிற கணக்கு அவனுக்குப் புரிவதற்குள் நான்கு மாதம் ஓடி, ஐந்தாம் மாதம் பெங்களூரு போய்விட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பிரமாதம்: செக்கிங்கில் ஒரு பெண், பிளஸ் டூ படித்தவள், தான் பார்க்கிற பீஸில் எந்த டெய்லரிடமிருந்து என்ன குறை வருகிறது என்று போனில் குறித்து வைத்திருந்தாள். யாரும் சொல்லிச் செய்யவில்லை. அந்தம்மா இதைக் கண்டுபிடித்து, டேட்டா வேலைக்கு மாற்றலாம் என்றார். முதலாளி சரி என்று 13,000 மாதச் சம்பளம் சொன்னார். பெண் வேண்டாம் என்றுவிட்டாள். 'ஆபீஸ் வேலை கிடைக்கிறது, இவளுக்கு என்ன திமிர்' என்று கிசுகிசுத்தவர்களில் நானும் உண்டு, மறைக்கவில்லை. அந்தம்மா அவளிடம் உட்கார்ந்து கணக்குப் போட்டார். ஷிப்ட்டுக்கு 420 ரூபாய். ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் 630. ஆறு நாளுக்கு 3,780. நான்கு வாரத்துக்கு 15,120. அதுவும் சனிக்கிழமை சாயங்காலம் கையில். வாரச்சீட்டு கட்டுகிறவளுக்கு மாதச் சம்பளம் என்றால் முதல் மாதம் எப்படி ஓட்டுவது? பதவி உயர்வு என்று நாங்கள் நீட்டியது அவளுக்குச் சம்பள வெட்டு.

16,000 ஆக்கி, முதல் மூன்று மாதம் வாரம் வாரம் கொடுப்பது என்று முடிவானது. இன்றைக்கு அந்தக் கம்ப்யூட்டரை ஓட்டுவது அவள்தான். மறுஎடைக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு பில்லைத் தள்ளிவிடப் பார்த்தால் என்னையே நிறுத்துகிறாள்.

பவர் டேபிள் ஆட்களிடமும் அப்படித்தான். ஸ்கேன் செய்தால் யார் எத்தனை பீஸ் தைத்தார்கள் என்று தெரிந்துவிடும், நாளைக்கு ரேட்டைக் குறைப்பார்கள் என்று பயந்தார்கள். முதலாளியோ சுவரில் டிவி மாட்டி ஒவ்வொருவர் பேரும் ஓட வேண்டும் என்று ஆசைப்பட்டார். அந்தம்மா டிவியில் லைன் மொத்தம் மட்டும்தான் வரும், தனிப்பேர் வராது என்று ஒப்பந்தத் தாளிலேயே எழுத வைத்தார். அதன் பிறகுதான் ஸ்கேனரைக் கையில் வாங்கினார்கள்.

இப்போது குறை. ஒன்பதாம் மாதம் அந்த நிறுவனம் ஆளை மாற்றியது. அந்தம்மாவைப் பெரிய கிளையன்ட் ஒன்றுக்கு அனுப்பிவிட்டார்கள், எங்களுக்கு மெயிலில் ஒரு வரி. பதிலுக்கு வந்தவர் முப்பது வயதுக்குள் ஒரு தம்பி. கெட்டிக்காரர்தான், ஆனால் வாரம் இரண்டு நாள் என்பது ஒரு நாளாகி, அதுவும் வீடியோ காலாகிவிட்டது. டாஷ்போர்டு அழகாக அனுப்புகிறார், முதலாளி கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்தபடி அதைப் பார்க்கிறார். ஸ்டோருக்கு இந்தத் தம்பி ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறார். பில் மட்டும் அதே 70,800.

பலன் என்ன என்று கேட்டால்: முன்பு ஆர்டருக்கு 5 சதவீதம் நூல் கூடுதலாக வாங்குவோம், இப்போது 3. ஆர்டர் முடிந்தால் மிச்சத் துணி எவ்வளவு என்று இரண்டு நாளில் தெரிகிறது, முன்பு மாதக் கடைசி ஆகும். ஈரத்துணி வருவது நின்றே போனது. நாங்கள் மறுபடி எடை போடுகிறோம் என்று பட்டறைக்குத் தெரிந்துவிட்டது. முதல் எட்டு மாதக் காசு இந்த ஒன்றிலேயே திரும்பிவிட்டது. அதற்குப் பிறகு கொடுத்ததை என்னால் எந்த வரவிலும் காட்ட முடியவில்லை.

ஐம்பது பேருக்குக் கீழே இருக்கிற யூனிட்டுக்கு இது வேண்டாம், டாலி என்கிற கணக்கு மென்பொருளும் ஒரு நல்ல ஸ்டோர் ஆளும் போதும். எங்கள் அளவுள்ளவர்கள் எடுக்கலாம். ஆனால் கையெழுத்துக்கு முன்னால், வரப்போகிற ஆளை ஒரு நாள் உங்கள் ஸ்டோருக்குள் விட்டுப் பாருங்கள். எங்கே உட்காருகிறார், யாரிடம் முதலில் பேசுகிறார் என்று கவனியுங்கள். நிறுவனத்தின் பேரோடு அந்த ஆளின் பேரையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். ஆள் மாறினால் தொகையும் மாறும் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வருடத்துக்கான கொட்டேஷன் போன வாரம் வந்தது. 66,000 கேட்கிறார்கள். முதலாளி என்னிடம் கொடுத்து, "என்ன பண்ணலாம் அம்மிணி?" என்றார். நான் அதை செக்கிங்கிலிருந்து வந்த அந்தப் பெண்ணிடம் கொடுத்திருக்கிறேன். இந்தத் தம்பி வந்து போன நாளையும் தீர்த்த வேலையையும் தேதி வாரியாக எடுத்துக்கொண்டிருக்கிறாள்.