1900–1933 பல்கலைக்கழக வரலாறு, ஒலிப் பாடம்: முதல் பாதிக்காக வாங்கலாம்

பாடம் நடத்தும் இடமாக இருந்த பல்கலைக்கழகம் எப்போது ஆராய்ச்சி நடக்கும் இடமாக மாறியது, அதற்கு யார் காசு கொடுத்தார்கள், யாரை உள்ளே விட்டார்கள்? இந்த ஒலிப் பாடத் தொடரின் முதல் பாதி முழுக்க இதுதான், அந்தப் பாதி அருமை. குவாண்டம் இயற்பியல் வந்ததும் தொடர் தடம் மாறி, ஐன்ஸ்டீன், நீல்ஸ் போர், ஹைசன்பர்க் என்று எல்லோருக்கும் தெரிந்த மேதைகள் கதையாகிவிடுகிறது. போருடைய கோபன்ஹேகன் நிறுவனம் 1921-ல் திறக்கப்பட்டது என்று ஒரு வரி வருகிறது, கட்டடத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்க ஆளில்லை. அதுவரை அதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தீர்கள்!

ஜெர்மனிப் பகுதிதான் தொடரின் உச்சம். ஃப்ரீட்ரிக் அல்தோஃப் என்று ஒரு அதிகாரி, 1882 முதல் 1907 வரை ஜெர்மனியின் மிகப்பெரிய மாநிலமான பிரஷ்யாவின் கல்வி அமைச்சகத்தில் இருந்துகொண்டு எந்தப் பேராசிரியருக்கு எந்த ஊர் என்பதில் கடைசி வார்த்தை தன்னுடையதாகவே வைத்திருந்தவர். கோட்டிங்கன் கணிதத்துக்குப் பேர்போன ஊரானதில் கணிதர் ஃபெலிக்ஸ் கிளைனுக்குப் பின்னால் இவர் கை இருக்கிறது. இப்படிப்பட்ட ஆட்களைப் பற்றி ஒரு முழுப் பாடம் ஒதுக்கியதற்காகவே இந்தத் தொடரைச் செய்தவர்களைப் பாராட்டலாம். அதே பாடத்தில் பிரிவாட்டோசென்ட் என்ற பதவியும் வருகிறது. பாடம் நடத்த உரிமை உண்டு, அரசு சம்பளம் கிடையாது, வகுப்புக்கு வரும் மாணவர் கட்டும் கட்டணம்தான் வருமானம், பேராசிரியர் பதவி எப்போது கிடைக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. வீட்டில் வசதி இருந்தவர்களால்தான் அத்தனை வருஷம் காத்திருக்க முடிந்தது என்று பேசுபவர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறார், அங்கே இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம்.

அப்புறம் 1911-ல் கைசர் வில்ஹெல்ம் சங்கம். வகுப்பெடுக்கும் சுமை இல்லாமல் ஆராய்ச்சி மட்டும் செய்ய நிறுவனங்கள், அதில் பெரும்பகுதி தொழிலதிபர்கள், வங்கியாளர்கள் பணம்; வேதியியலாளர் ஃப்ரிட்ஸ் ஹாபருடைய நிறுவனத்துக்குக் கொடுத்தவர் லியோபோல்ட் கோப்பெல் என்ற வங்கியாளர். இயற்பியலாளர் லீசே மைட்னர் பாடத்தை மட்டும் நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். 1907-ல் பெர்லின் வந்தவருக்கு எமில் ஃபிஷர் தன் வேதியியல் நிறுவனத்தில் கொடுத்த இடம் அடித்தளத்தில் இருந்த பழைய தச்சுப் பட்டறை, வந்து போகத் தனி வாசல், மேலே ஆண்கள் வேலை செய்யும் ஆய்வகங்களுக்குப் போகக் கூடாது. பிரஷ்யா தன் பல்கலைக்கழகங்களில் பெண்களை முறையாகச் சேர்க்கத் தொடங்கியதே அடுத்த வருஷம்தான். கோட்டிங்கனில் கணிதர் எம்மி நோத்தர் வருஷக்கணக்கில் பேராசிரியர் ஹில்பர்ட் பெயரில் அறிவிக்கப்பட்ட வகுப்புகளைத்தான் நடத்தினார், தன் பெயரில் நடத்தும் உரிமை 1919-ல்தான் கிடைத்தது. இதையெல்லாம் பேசுபவர் குரலை உயர்த்தாமல் சொல்வது நன்றாக இருக்கிறது.

இங்கிலாந்துப் பாடம் சுமார். வெளிப் பல்கலைக்கழகப் பட்டதாரிகளை 1895 முதல் ஆராய்ச்சி மாணவர்களாகச் சேர்த்த கேம்பிரிட்ஜ் விதி, அப்படி உள்ளே வந்த ரதர்ஃபோர்டு 1919-ல் அங்கே இருக்கும் கேவண்டிஷ் இயற்பியல் ஆய்வகத்துக்குத் தலைவரானது, இரண்டும் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு 1917-ல்தான் முனைவர் பட்டத்தைக் கொண்டுவந்தது, கேம்பிரிட்ஜ் அதற்கும் பின்னால் என்பதும் இருக்கிறது. ஆனால் ராமானுஜன் 1916-ல் கேம்பிரிட்ஜில் வாங்கியது ஆராய்ச்சிக்காகக் கொடுத்த பி.ஏ. பட்டம், ஏனென்றால் அங்கே அப்போது முனைவர் பட்டமே இல்லை. இந்தப் பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்குமா? அவர் பெயரே வரவில்லை.

இந்தியாவுக்கு மொத்தமே சில நிமிடங்கள்தான், அதிலும் 1909-ல் பெங்களூரில் தொடங்கிய இந்திய அறிவியல் கழகத்துக்கே பாதி போய்விடுகிறது. தொடர் கேட்கும் கேள்விக்குக் கல்கத்தாவைப் போல நல்ல இடம் வேறு கிடையாது. தாரக்நாத் பாலித், ராஷ்பிஹாரி கோஷ் என்ற இரண்டு வழக்கறிஞர்கள் கொடுத்த பணத்தில் 1914-ல் அங்கே அறிவியல் கல்லூரி எழும்புகிறது, பாலித் கொடுத்த பணத்தில் உருவான பேராசிரியர் பதவி இந்தியருக்கு மட்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை, அந்த நாற்காலிக்காக 1917-ல் நிதித்துறை உத்தியோகத்தை விட்டுவிட்டு சி.வி. ராமன் வருகிறார். கல்கத்தா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த அசுதோஷ் முகர்ஜியை அல்தோஃபுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு பாடம் செய்திருக்கலாம். 1924-ல் டாக்காவிலிருந்து சத்யேந்திரநாத் போஸ் ஐன்ஸ்டீனுக்குக் கட்டுரை அனுப்பியது மட்டும் வழக்கம்போல வந்துவிடுகிறது.

முதல் உலகப்போர் பாடம் அவசர அவசரமாக ஓடுகிறது. 1914-ல் ஜெர்மன் ராணுவத்துக்கு ஆதரவாக 93 அறிஞர்கள் ஓர் அறிக்கையில் கையெழுத்துப் போட்டது, அடுத்த வருஷம் பெல்ஜியத்தின் ஈப்ரே போர்க்களத்தில் ஹாபர் மேற்பார்வையில் குளோரின் வாயு, அதே வருஷம் 27 வயசில் துருக்கியின் கலிப்போலியில் போரில் செத்துப்போன இங்கிலாந்து இயற்பியலாளர் மோஸ்லி, எல்லாம் ரயில் அட்டவணை வாசிப்பது போல.

கடைசிப் பாடத்தில் பழைய கேள்வி திரும்பி வருகிறது. யூதர்களையும் அரசியல் எதிரிகளையும் அரசு வேலையிலிருந்து நீக்க நாஜிகள் போட்ட 1933 ஏப்ரல் 7 சட்டம், கோட்டிங்கனில் நோத்தர், போர்ன், கூரன்ட் வேலை போனது, தனக்கு விலக்கு இருந்தும் இயற்பியலாளர் ஜேம்ஸ் ஃபிராங்க் தானே ராஜினாமா செய்தது, வெளியேறியவர்களுக்கு இடம் தேட அதே வருஷம் லண்டனில் ரதர்ஃபோர்டு தலைமையில் ஒரு குழு. அமெரிக்காவின் பிரின் மார் கல்லூரியில் நோத்தருக்குச் சம்பளம் போட ராக்ஃபெல்லர் அறக்கட்டளைப் பணமும் சேர்ந்தது என்கிற அளவுக்குப் போகிறார்கள்.

கேட்க நினைப்பவர்களுக்கு: கூடவே வரும் பிடிஎஃப் குறிப்புகளை முதலில் இறக்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒரே ஆளின் பெயரைப் பாடத்துக்குப் பாடம் வேறு மாதிரி உச்சரிக்கிறார்கள். பின்னணி இசையை நிறுத்த வழியில்லை. குவாண்டம் பகுதியைத் தாண்டி நேராக 1933-க்குப் போனாலும் கதை புரியும், நேரம் இல்லாதவர்கள் அப்படியே கேட்கலாம்.