இரண்டு வருடம் பகிஷ்கரித்துப் பார்த்தேன்

காஸாவில் போர் நடந்துகொண்டிருந்த 2023 நவம்பர் முதல் வாரத்தில், இஸ்ரேலோடு தொடர்புள்ள கம்பனிகளின் பொருட்களைப் பகிஷ்கரிப்பது என்று முடிவெடுத்து, எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து சோடாப் போத்தலை வெளியே போட்டோம். அன்றிலிருந்து எதை வாங்கினோம், எதை விட்டோம், விட்டதற்குப் பதிலாக என்ன வந்தது என்று ஒரு எண்பது பக்கக் கொப்பியில் எழுதி வருகிறேன். இரண்டு வருடம் தாண்டிவிட்டது. மோட்டார் சைக்கிளை இரண்டு வருடம் ஓட்டிப் பார்த்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், போனைப் பாவித்துப் பார்த்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு குடும்பம் பகிஷ்கரிப்பைத் தினமும் பாவித்தால் அது எங்கே உழைக்கிறது, எங்கே கழன்று போகிறது என்று யாரும் எழுதி நான் வாசிக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் கிழக்கிலங்கையின் மருதமுனை. வாப்பா நெசவாளி, நான் தமிழ் படிப்பிக்கிறேன், கதை கட்டுரை எழுதுகிறேன். பலஸ்தீனம் எனக்கு டிவி கொண்டுவந்த விஷயம் இல்லை. பக்கத்துக் கல்முனைக்குடியில் பிறந்த கவிஞர் எம்.ஏ. நுஃமான் எண்பதுகளின் தொடக்கத்திலேயே பலஸ்தீனக் கவிதைகளைத் தமிழுக்குக் கொண்டுவந்துவிட்டார். அட்டை போன ஒரு பிரதியைப் பதினாறு வயதில் ஒரு ஆசிரியரிடம் இரவல் வாங்கி, ஒரு கிழமை வைத்திருந்து பாதியைக் கையால் எழுதி எடுத்தேன். அதில் இருந்த பலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷ் ஏழு வயதில் தன் ஊரான அல்-பிர்வாவை விட்டு ஓடியவர், திரும்பி வந்தபோது அந்த ஊரே இருக்கவில்லை. 1990இல் எங்கள் பக்கத்தில் தமிழ் ஊர்களிலிருந்தும் முஸ்லிம் ஊர்களிலிருந்தும் சனம் மூட்டையோடு ஓடியதைக் கண்ட பிள்ளைக்கு அந்தக் கவிதைகளை விளங்கப்படுத்த ஆள் தேவைப்படவில்லை.

சரி, பொருளுக்கு வருகிறேன். முதல் மாதம் பெரிய குழப்பம். வட்ஸ்அப்பில் வந்த பட்டியலில் இருநூறுக்கு மேல் பெயர்கள், அதில் பாதிக்கு ஏன் என்ற காரணமே இல்லை. பார்கோட் 729இல் தொடங்கினால் இஸ்ரேல் பொருள் என்று ஒரு படமும் கூடவே சுற்றியது. நானும் கடையில் நின்று ஒவ்வொரு பக்கெட்டாகத் திருப்பிப் பார்த்தேன், கடைக்காரக் காக்கா (அண்ணனை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தேடி வாசித்ததில்தான் விளங்கியது. அந்த மூன்று இலக்கம் கம்பனி எந்த நாட்டில் பார்கோட்டைப் பதிந்தது என்று மட்டும்தான் சொல்லும், சாமான் எங்கே செய்யப்பட்டது, லாபம் எங்கே போகிறது என்று சொல்லாது. இலங்கையின் இலக்கம் 479. ஒரு வெளிநாட்டுக் கம்பனி இங்கே பதிந்து இங்கேயே அடைத்து விற்றால் அதிலும் 479 இருக்கும். ஆக அந்தப் படத்தை நம்பி ஒரு கிழமை வீணாய்ப் போனது.

அப்புறம் பலஸ்தீன அமைப்புகளே என்ன கேட்கிறார்கள் என்று பார்த்தேன். 2005 ஜூலை 9இல் 170க்கும் மேற்பட்ட பலஸ்தீன அமைப்புகள் சேர்ந்து விடுத்த பகிஷ்கரிப்பு அழைப்பில் மூன்றே கோரிக்கைகள்தான் இருக்கின்றன. ஆக்கிரமிப்பு முடிய வேண்டும், இஸ்ரேலுக்குள் இருக்கும் அரபுக் குடிமக்களுக்குச் சம உரிமை வேண்டும், அகதிகள் திரும்பி வர வேண்டும். நூற்றுக்கணக்கான பெயர்களை அடுக்காதீர்கள், தொடர்பு தெளிவாக நிரூபிக்கக்கூடிய சில கம்பனிகளை மட்டும் குறிவைத்து விடாமல் நில்லுங்கள் என்பதும் அவர்கள் சொல்வதுதான். அதை வாசித்த இரவில் இருநூறு பெயரையும் கிழித்துப் போட்டுவிட்டு ஆறு பெயரைக் கொப்பியில் எழுதினேன். ஒவ்வொன்றின் பக்கத்திலும் காரணத்தை ஒரு வரியில் எழுத முடிய வேண்டும், முடியாவிட்டால் அது பட்டியலில் இல்லை. இந்த ஒரு விதிதான் எங்களை இவ்வளவு காலம் இழுத்து வந்தது என்று நினைக்கிறேன்.

சோடாதான் ஆக இலகு. கொக்கா கோலாவின் இஸ்ரேல் உரிமம் வைத்திருக்கும் கம்பனிக்கு ஆக்கிரமிக்கப்பட்ட கிழக்கு ஜெரூசலேத்தின் அதாரோத் கைத்தொழில் பேட்டையில் களஞ்சியம் இருக்கிறது. பெப்சி 2018இல் இஸ்ரேலிய சோடாஸ்ட்ரீம் கம்பனியை வாங்கியது. இரண்டுக்கும் காரணம் எழுத ஒரு வரி போதுமாக இருந்தது. பதிலுக்கு ஏலிஃபண்ட் ஹவுஸ் கிரீம் சோடாவும் நெக்டோவும் எப்போதும் கடையில் இருந்தவைதானே, பிள்ளைகள் மூன்றாம் நாளே மறந்துவிட்டார்கள். நோன்புக்கு தேசிக்காயும் கசகசாவும் போட்ட சர்பத்துக்குத் திரும்பியதில் உம்மாவுக்குத்தான் ஆகச் சந்தோசம்.

சவர்க்காரம் அப்படி இல்லை. "இதென்ன மகன், நுரையே வருகுதில்ல" என்று உம்மா மூன்று முறை திருப்பித் தந்தா. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் உப்பு, எல்லாச் சவர்க்காரமும் அதில் நுரைக்காது. நாலாவதாக ஒரு உள்ளூர்க் கட்டி சரிவந்தது, ஆனால் அதற்குள் ஐந்து மாதம் போய்விட்டது. கொப்பியில் அந்த ஐந்து மாதத்தைப் பார்க்கும்போது ஒன்று தெரிகிறது. வீட்டில் துணி தோய்க்கிறவரிடம் கேட்காமல் நான் பட்டியல் போட்டிருக்கிறேன். பகிஷ்கரிப்பின் பாரம் யார் கையில் விழுகிறதோ அவரைக் கூட்டி வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். அடுத்த பொருளிலிருந்து உம்மாவும் மனைவியும்தான் தெரிவு செய்தார்கள், நான் காரணத்தை மட்டும் எழுதினேன்.

பால்மாதான் என்னை ஆகக் கூட யோசிக்க வைத்தது. நெஸ்லே இஸ்ரேலின் ஒசெம் உணவுக் கம்பனியை 2016இல் முழுதாக வாங்கிக்கொண்டது. அதற்கு முன்பே அந்தப் பெயருக்கு ஒரு நீண்ட கதை உண்டு. ஏழை நாடுகளில் தாய்ப்பாலுக்குப் பதிலாகப் பால்மாவை விளம்பரப்படுத்தியதற்காக 1977இல் அமெரிக்காவில் தொடங்கிய பகிஷ்கரிப்பு நாடு நாடாகப் பரவியது. 1981இல் உலக சுகாதார அமைப்பு தாய்ப்பால் மாற்றுகளைச் சந்தைப்படுத்துவதற்கு ஒரு நெறிக்கோவை கொண்டுவந்ததில் அந்த அழுத்தத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அதே கம்பனி இலங்கைப் பண்ணையாளர்களிடமும் பால் வாங்குகிறது என்பதையும் நான் மறக்கவில்லை. ஆகவே அதை விட்டுவிட்டு இன்னொரு இறக்குமதிப் பால்மாவுக்குப் போனால் நட்டம் யாருக்கு? அதனால் பால்மாவையே விட்டோம். பெரியநீலாவணையிலிருந்து ஒரு அண்ணன் காலையில் பசும்பால் கொண்டுவருகிறார், தேத்தண்ணிக்கு அதுதான். நாங்கள் பாலுக்கு மாறிய அதே மாதங்களில் மட்டக்களப்புச் சித்தாண்டியில், மயிலத்தமடு மாதவனை மேய்ச்சல் தரையை மீட்டுத் தரச் சொல்லி பண்ணையாளர்கள் வீதியோரம் கொட்டில் போட்டு இருந்தார்கள். 2023 செப்டெம்பரில் தொடங்கிய போராட்டம் அது. மாடு மேய நிலம் இல்லாமல் உள்ளூர்ப் பால் எங்கிருந்து வரும்? நம் நாட்டுப் பொருளை வாங்குவோம் என்று மேடையில் பேசுகிற எந்த அரசியல்வாதியிடமும் நான் முதலில் கேட்க விரும்புவது இதைத்தான்.

இனி நான் எழுதத் தயங்கிய பகுதி.

எங்கள் வீட்டில் நான்கு தறி இருந்தன. தென்பகுதி நகரம் ஒன்றிலிருந்து ஒரு முதலாளி இருபது வருடத்துக்கு மேலாக வாப்பாவிடம் சாரன் எடுத்தார். வந்தால் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு, மீன் ஆணம் என்றால் இரண்டாம் தரமும் சோறு போட்டுக்கொள்வார். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறு குண்டுகள் வெடித்தன, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் சின்னப் பிள்ளைகளும் செத்தார்கள். ஐந்து நாள் கழித்து எங்கள் பக்கத்துச் சாய்ந்தமருதிலும் குண்டுகள் வெடித்தன. மே மாதம் முதலாளி கோல் எடுத்தார். "இப்ப அனுப்ப வேணாம், முஸ்லிம் ஆள் நெய்தது எண்டு தெரிஞ்சா கடையில ஒருத்தரும் தொடுறாங்க இல்ல" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, வெட்கம் இருந்தது. கட்டி வைத்த சாரன் மாதக்கணக்கில் அலுமாரியில் கிடந்தது. இரண்டு தறி நின்றது, நின்றதில் ஒன்றை இன்னும் திரும்ப ஓட்டவில்லை. பாவு ஓட்ட வந்த இரண்டு பெண்களில் ஒருவர் பாண்டிருப்புத் தமிழ்ப் பெண். முஸ்லிம்களை ஒதுக்குகிறோம் என்று யாரோ எங்கேயோ எடுத்த முடிவில் அவருக்கும் வேலை போனது.

அது திடீரென்று வந்ததும் இல்லை. 2013இல் ஹலால் இலச்சினைக்கு எதிராகச் சிங்கள பௌத்த கடும்போக்கு அமைப்பான பொது பல சேனா கிளம்பியபோது அந்த மார்ச்சிலேயே, அதை வழங்கிவந்த மார்க்க அறிஞர் சபையான ஜம்இய்யதுல் உலமா உள்ளூர்ச் சந்தையில் இலச்சினையை விட்டுக்கொடுத்தது. 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கொத்து ரொட்டிக்குள் மலட்டு மாத்திரை போட்டார்கள் என்று சொல்லி அடித்து உடைத்தார்கள், பள்ளியும் சேதமானது. பிறகு அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்ததில் அது மாவுக் கட்டி. நாங்கள் பகிஷ்கரிக்கப்பட்டவர்கள். அலுமாரியில் அடுக்கிய சாரனின் மணம் எனக்கு இன்னும் மூக்கில் நிற்கிறது.

ஆகவே 2023இல் அந்த ஆறு பெயரை எழுதும்போது என் கை நடுங்கியது என்றால் நம்புங்கள். நான் செய்வதும் அதேதானா என்று பல இரவு யோசித்தேன். பாண்டிருப்பில் எனக்கொரு நண்பன், அவனும் எழுதுகிறவன், நேராகவே கேட்டான்: "மச்சான், அண்டைக்கு உங்கட கடைய விட்டவங்களும் ஒரு நியாயம் சொல்லித்தானே விட்டாங்க?" அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். வாப்பாவின் சாரனை விட்டவர்கள் அவர் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கவில்லை, அவரால் செய்யக்கூடியதாக ஒன்றும் இருக்கவும் இல்லை, அவர் முஸ்லிமாகப் பிறந்ததுதான் குற்றம். நான் விடுகிற கம்பனியிடம் ஒரு கோரிக்கை இருக்கிறது. அந்தக் களஞ்சியத்தை மூடு, அந்த ஒப்பந்தத்தை விடு. விட்டால் அடுத்த நாளே வாங்குவேன். செய்து முடிக்கக்கூடிய கோரிக்கை இல்லாத பகிஷ்கரிப்பு வெறும் ஒதுக்கிவைப்புத்தான், அதில் எனக்குப் பங்கு வேண்டாம்.

இந்த அளவுகோல் பொத்துவில் அறுகம்பே விஷயத்தில் உடனே தேவைப்பட்டது. அங்கே இஸ்ரேலியப் பயணிகள் நிறைய வருகிறார்கள். 2024 ஒக்டோபரில் தாக்குதல் அபாயம் என்று அமெரிக்கத் தூதரகம் எச்சரித்து, ஊரெல்லாம் பொலிஸும் சோதனைச் சாவடியுமாக மாறியது. அங்கே முச்சக்கரவண்டி ஓட்டும் என் சொந்தக்காரத் தம்பி "அவங்கள ஏத்தலாமா காக்கா" என்று கேட்டான். ஏத்து என்றேன். பாஸ்போட்டைப் பார்த்து ஆளை இறக்கிவிடுவது 2019இல் எங்களுக்கு நடந்ததுதான். அனுமதி இல்லாமல் யாராவது அங்கே வியாபாரம் நடத்தினால் அது சட்டம் பார்க்க வேண்டிய வேலை, அதை எந்த நாட்டவருக்கும் ஒரே மாதிரிப் பார்க்கட்டும்.

புத்தகத்திலும் அதே கேள்வி வந்தது. எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒருவர் இஸ்ரேலிய எழுத்தாளரின் மொழிபெயர்ப்பு நாவல் ஒன்றை எடுத்து வைக்கச் சொன்னார். பலஸ்தீனக் கல்வியாளர்கள் 2004இல் தொடங்கிய பண்பாட்டுப் பகிஷ்கரிப்பே நிறுவனங்களைத்தான் குறிவைக்கிறது, ஒருவரின் பிறப்பையோ கருத்தையோ வைத்து ஆளை ஒதுக்கச் சொல்லவில்லை. இதைச் சொன்னதும் இரண்டு மணி நேரம் சண்டை. கடைசியில் அந்த நாவலையும் தர்வீஷையும் அடுத்தடுத்த மாதம் வாசித்தோம். இந்த இரண்டு வருடத்தில் நடந்த ஆக நல்ல கூட்டங்கள் அவை.

பலன் என்ன என்று எல்லோரும் கேட்கிறார்கள். 2024 மார்ச்சில் இலங்கையில் மெக்டொனால்ட்ஸ் கடைகள் மூடப்பட்டபோது எங்கள் குரூப்பில் வெற்றி வெற்றி என்று செய்திகள் பறந்தன. உண்மையில் தாய்க் கம்பனி தர நியமங்களைக் காரணம் காட்டி உள்ளூர்ப் பங்காளியோடு ஒப்பந்தத்தை முறித்ததுதான் நடந்தது, பகிஷ்கரிப்புக்கு அதில் இடமில்லை. பொய் வெற்றியைக் கொண்டாடினால் மெய்யான வெற்றியையும் நாளைக்கு ஒருவரும் நம்பமாட்டார்கள். பூமா இஸ்ரேல் கால்பந்துச் சங்கத்துக்குக் கொடுத்த அனுசரணை 2024இல் முடிந்தது, அது வேறு காரணத்துக்காக முன்பே எடுத்த முடிவு என்று கம்பனி சொன்னது. சோடாஸ்ட்ரீம் மேற்குக் கரைக் குடியேற்றத்தில் இருந்த தொழிற்சாலையை 2015இல் மூடி நெகெவ்வுக்குப் போனது, அதுவும் வியாபாரக் காரணம் என்றுதான் சொன்னது. அங்கே வேலை செய்த சுமார் 500 பலஸ்தீனத் தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். நின்ற தறி உள்ள வீட்டுப் பிள்ளையால் அந்த 500ஐ ஒரு வரியில் தாண்டிப் போக முடியவில்லை. குடியேற்றத்தில் தொழிற்சாலை இருக்கக் கூடாது என்றுதான் இன்றும் நம்புகிறேன், ஆனால் அந்த 500 வீட்டு அடுப்பையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

அரசாங்கத்தைப் பற்றிச் சுருக்கமாக. 2023 டிசம்பரில் ஐ.நா.வில் போர்நிறுத்தத்துக்கு ஆதரவாக இலங்கை வாக்களித்தது, அதற்கு முந்தைய மாதம்தான் இஸ்ரேல் பண்ணைகளுக்கு 10,000 தொழிலாளர்களை அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தது. 2025 மார்ச்சில் கொழும்பில் இஸ்ரேலுக்கு எதிராக ஸ்டிக்கர் ஒட்டிய 22 வயது இளைஞர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானார், 1979இல் வந்த அந்தச் சட்டத்தை எங்கள் மாகாணத்தில் தமிழருக்கும் முஸ்லிமுக்கும் யாரும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கைதுச் செய்தி வந்த அன்று கடைக்காரக் காக்கா சுவரில் இருந்த பலஸ்தீனக் கொடிப் படத்தைக் கழற்றிவிட்டார். நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். அந்தச் சோடாவை மட்டும் அவர் திரும்ப எடுக்கவில்லை.

2025 ஒக்டோபரில் போர்நிறுத்தம் அறிவித்ததும் ஒரு கல்யாண வீட்டில் மச்சினன் போத்தலை நீட்டி "இனிக் குடிக்கலாம்தானே" என்றான். மூன்று கோரிக்கையையும் சொல்லி, எது நிறைவேறியிருக்கிறது என்று கேட்டேன். அவன் குடித்தான், நான் தண்ணீர் குடித்தேன், அப்புறம் இருவரும் ஒரே சஹன் தட்டில்தான் சாப்பிட்டோம்.

இப்போது மிச்சம் இருப்பது பிரிண்டர். எச்.பி., 2019க்கு முன் வாங்கியது, அந்தப் பெயரும் என் ஆறில் இருக்கிறது. கையில் உள்ளதை உடைத்துப் போடுவதில் யாருக்கும் பயன் இல்லை என்பதால் பாவித்தேன், புது மை வாங்காமல் நிரப்பித்தான் பாவித்தேன். போன கிழமை அது நின்றுவிட்டது. வருகிற சனிக்கிழமை கல்முனையில் பழைய பிரிண்டர் விற்கும் கடைக்குப் போகிறேன், கொப்பியில் அதற்கு ஒரு பக்கம் விட்டு வைத்திருக்கிறேன்.