வடிகாலில் தொங்கும் மாதிரிப் பாட்டில்: வாங்கலாமா?

மழைநீர் வடிகாலின் இரும்புக் கிராதிக்கு அடியில் தொங்கவிடும் ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் இது. மழை பெய்து தரையில் தண்ணீர் ஓடத் தொடங்கியதும் முதலில் வருவதை ஆய்வகச் சோதனைக்கான மாதிரியாகப் பிடித்துக்கொள்ளும். நிரம்பியவுடன் உள்ளே இருக்கும் பந்து மிதந்து மேலே வந்து வாயை அடைத்துவிடும். மோட்டார், பேட்டரி, திரை எதுவும் கிடையாது. அமெரிக்காவில் ஒரு பெரிய ராணுவத் தளத்தின் சுற்றுச்சூழல் பிரிவில் மழைநீரை வெளியேற்றுவதற்கான அரசு அனுமதியைக் கவனித்துக்கொள்வது என் வேலை. அந்த அனுபவத்தில் எழுதுகிறேன். தயாரித்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. குறைகள் நிறையச் சொல்ல இருக்கிறது; சந்தையில் உள்ள மற்ற பாட்டில்களும் இதே முறையில்தான் இயங்குகின்றன.

இப்படி ஒரு பொருள் ஏன் தேவைப்படுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கத் தூய நீர்ச் சட்டம் 1972-இல் வந்தது. 1987-இல் செய்த திருத்தம் தொழிலகங்களின் மழைநீரையும் அதற்குள் கொண்டுவந்தது. ராணுவத்துக்கு இதெல்லாம் பொருந்தாது என்று புதிதாக வரும் அதிகாரிகள் சிலர் உண்மையாகவே நம்புகிறார்கள். அதே சட்டத்தின் 313ஆம் பிரிவை எடுத்துக் காட்டுவேன்: மத்திய அரசின் இடங்களும் மற்றவர்களைப் போலவே இணங்கி நடக்க வேண்டும். விமானப் பராமரிப்பு, லாரிப் பணிமனைகள், பழைய இரும்பு முற்றம் என்று எங்கள் வேலிக்குள் ஒரு தொழில் நகரமே இருக்கிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 2021ஆம் ஆண்டுப் பல்துறைப் பொது அனுமதி இவை ஒவ்வொன்றையும் தனிப் பிரிவாகப் பார்க்கிறது. விமானப் போக்குவரத்து 'எஸ்' பிரிவில் வரும், தரைவழிப் போக்குவரத்து 'பி' பிரிவில், பழைய இரும்பு 'என்' பிரிவில்.

மாதிரியை, தண்ணீர் வெளியேறத் தொடங்கிய முதல் 30 நிமிடங்களுக்குள் எடுக்க வேண்டும் என்கிறது அனுமதி. முந்தைய மழைக்கும் இதற்கும் 72 மணி நேர இடைவெளியும் வேண்டும். மழை எங்கள் அலுவலக நேரம் பார்த்து வருவதில்லை. வடிகால் வாய்களோ தளத்தின் ஒவ்வொரு மூலையிலும் இருக்கின்றன. ஓடுதளத்துக்கு அப்பால் இருக்கும் வாய்க்குப் போக வேண்டுமானால் கட்டுப்பாட்டுக் கோபுரத்திடம் ரேடியோவில் அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டும். அது கிடைப்பதற்குள் முதல் தண்ணீர் ஓடையில் கலந்திருக்கும். முடியாதபோது பிறகு எடுத்துக் காரணத்தை எழுதி வைக்கலாம் என்று அனுமதியே இடம் தருகிறது. ஆனால் ஒவ்வொரு காலாண்டும் அதே காரணத்தை எழுதிக்கொண்டிருந்தால் ஆய்வுக்கு வருபவர் முகம் சுளிக்கத்தானே செய்வார்?

இதற்கு மாற்றாகத் தானியங்கி மாதிரிக் கருவி இருக்கிறது. பம்பு, ஓட்டமானி, செல்பேசி இணைப்பு எல்லாம் உண்டு. நல்ல கருவிதான். ஆனால் அது சமிக்ஞை அனுப்பும் பொருள். ராணுவத் தளத்தில் அப்படி ஒன்றை நிறுவ வேண்டுமானால் இணையப் பாதுகாப்பு ஒப்புதல் வேண்டும், அந்தக் கோப்பு நகரும் வேகத்தில் பருவமே மாறிவிடும். பாட்டிலுக்கு அந்தத் தொல்லை இல்லை. கருவி ஒன்றின் விலையில் பாட்டில்களை டஜன் கணக்கில் வாங்கிவிடலாம் என்பது அதற்கு மேல் வரும் லாபம்.

இனி குறைகளுக்கு வருகிறேன். விமான நிறுத்தப் பகுதியில் இதைப் பொருத்த நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே தளர்வாகக் கிடக்கும் எந்தப் பொருளும் ஆபத்து. ஒரு திருகாணி ஜெட் எஞ்சினுக்குள் போனால் போதும். ஓடுதள நிர்வாகிகள் பாட்டிலைப் பார்த்ததும் மூடியைப் பற்றித்தான் முதலில் கேட்டார்கள், பிறகு பந்தைப் பற்றி. நிறுவனம் தரும் பிளாஸ்டிக் மாட்டியை அவர்கள் ஏற்கவில்லை. துருப்பிடிக்காத எஃகுக் கம்பி வடத்தால் கட்டி, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, பதிவேட்டில் ஏற்றிய பிறகே சம்மதித்தார்கள். விமானத்தின் எடையைத் தாங்கும் கிராதியைத் தூக்க ஆட்களும் கொக்கிகளும் வேண்டும். பாட்டிலை மாட்டுவதைவிட எடுப்பதற்குத்தான் அதிகம் பாடுபட வேண்டியிருக்கிறது. தயாரிப்பாளரின் விளக்கப் படத்தில் ஒரு பெண் ஒரே கையால் புன்னகையோடு மூடியைத் தூக்குகிறார். அது எந்த ஊர் வடிகால் என்று தெரியவில்லை.

ஆய்வகத்துக்கு அனுப்பும்போதும் எல்லை தெரிந்திருக்க வேண்டும். மிதக்கும் மண் துகள்களுக்கும் உலோகங்களுக்கும் பாட்டில் நன்றாகவே உதவுகிறது. அமிலக்காரத் தன்மைக்கு உதவாது: அதை மாதிரி எடுத்த 15 நிமிடங்களுக்குள் அளந்தாக வேண்டும். எண்ணெய்க்கும் கூடாது, அது பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும். காலாண்டுதோறும் மாதிரியைக் கண்ணால் பார்த்துச் செய்யும் பரிசோதனையில் நிறம், மணம், கலங்கல், நுரை, எண்ணெய்ப் படலம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். இரவு முழுவதும் பாட்டிலில் கிடந்த தண்ணீரில் நுரையை எங்கே தேடுவது? அதற்கு இன்னமும் மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு கண்ணாடிக் குடுவையோடு நானேதான் போகிறேன்.

துத்தநாகம் தனிக் கதை. ஒரு பணிமனையின் வடிகால் வாயில் மட்டும் துத்தநாக அளவு விடாமல் அதிகமாக வந்தது. ஆய்வகத்தின் தூய நீரை பாட்டிலில் ஊற்றி அனுப்பிப் பார்த்தோம், சுத்தமாக வந்தது. ஆகவே பாட்டில் குற்றவாளி இல்லை. மேலே இருந்த கிராதியோ துத்தநாகப் பூச்சு போட்டது. சொட்டும் ஒவ்வொரு துளியும் அதைத் தொட்டுக்கொண்டுதான் பாட்டிலுக்குள் விழுகிறது. டயர்த் தூளும் பணிமனையின் தகரக் கூரையும் உண்மையாகவே துத்தநாகம் தருபவைதான். ஆனால் அவற்றின் பங்கு எவ்வளவு, கிராதியின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாத எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது? துத்தநாகத்துக்கு அனுமதி வைத்திருக்கும் வரம்பும் தண்ணீரின் கடினத்தன்மையைப் பொறுத்து மாறும். மென்னீர் ஓடும் இடத்தில் வரம்பு இன்னும் இறங்கும். நான்கு காலாண்டுச் சராசரி அதைத் தாண்டினால் கூடுதல் நடவடிக்கைகள் மூன்று நிலைகளாக ஏறிக்கொண்டே போகும். அந்த வடிகால் வாயிலிருந்து பாட்டிலை எடுத்துவிட்டு, குழாய் வெளியேறும் முனையில் நேராகப் பிடிக்கிறோம். முதல் ஓட்டத்தின் கடும் அழுக்கை மட்டுமே பிடிப்பது இதன் இயல்பு என்பதையும் மறக்கக் கூடாது. கையால் பிடிக்கும் மாதிரியைவிட எண்கள் ஒரு படி மேலேதான் வரும்.

இவ்வளவு சொல்லியும் பாட்டிலின் மிகப் பெரிய குறையே எனக்கு மிகவும் பிடித்துப்போனது. மழைக்கும் வேறு தண்ணீருக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. ஒரு லாரி முற்றத்தில் மழைமானி காய்ந்து கிடக்க, பாட்டில் மட்டும் நிரம்பியிருந்தது. மூடியைத் திறந்தால் சோப்பு வாசனை. வண்டி கழுவத் தனி மேடை இருக்கிறது, அதன் தண்ணீர் எண்ணெய் பிரிக்கும் தொட்டிக்குப் போகும். வரிசையில் நிற்க மனமில்லாமல் யாரோ முற்றத்திலேயே கழுவியிருக்கிறார்கள். "தண்ணீர்தானே சார்?" என்றார் பொறுப்பில் இருந்த சார்ஜென்ட். தீயணைப்புக் குழாயைத் திறந்துவிடும் தண்ணீருக்கும் குளிரூட்டியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கும் அனுமதியில் இடமுண்டு, சோப்புத் தண்ணீருக்கு இல்லை என்று விளக்கினேன். மாதாந்தர ஆய்வுப் பட்டியலில் அந்த முற்றம் எப்போதும் 'குறையில்லை' என்றே இருந்திருக்கிறது.

ஆகவே என் தீர்ப்பு: நேரத்துக்குப் போய்ச் சேர முடியாத வாய்களுக்கு வாங்குங்கள். அருகே மழைமானி ஒன்று கட்டாயம் வையுங்கள், பூச்சுப் போட்ட கிராதிக்கு அடியில் தொங்கவிடாதீர்கள். ஐந்தில் மூன்று நட்சத்திரம் தருகிறேன்.

பழைய இரும்பு முற்றத்துக்கு நான் பாட்டில் கேட்கவில்லை, கூரை கேட்டிருக்கிறேன். தொழில் பொருள் எதுவும் மழையில் நனையாத இடத்துக்கு 'வெளிப்பாடு இல்லை' என்று சான்றளித்து, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டால் அனுமதியிலிருந்தே விலக்குக் கிடைக்கும். நிதிக் கோரிக்கை மேலே போயிருக்கிறது. துத்தநாகத் தகடு வேண்டாம், வண்ணப்பூச்சுப் போட்டதாக இருக்கட்டும் என்று அதில் இப்போதே எழுதிவிட்டேன்.