பழைய லேப்டாப்பில் செய்தியோடை: ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ்ஸா, மினிஃப்ளக்ஸா?

வியாசர்பாடியில் கரண்ட் போனாலும் பழைய லேப்டாப் பேட்டரியில் கொஞ்ச நேரம் தாங்கும். பிடித்த தளங்களின் செய்தியோடைகளை (ஆர்எஸ்எஸ், புதுப் பதிவுகளின் பட்டியல்) ஒரே இடத்தில் காட்டும் வீட்டுத் திரட்டிக்கு அதுவே போதும். ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ், மினிஃப்ளக்ஸ் என்ற இரண்டு திரட்டி மென்பொருள்களில் எதைப் போடுவது?

மினிஃப்ளக்ஸ் கோ மொழியில் எழுதிய ஒரே பைனரி (அப்படியே ஓட்டக்கூடிய நிரல் கோப்பு). ஓடைகளைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். ஆனால் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் சர்வர் கட்டாயம். தோற்றம் படு எளிமை. நோண்ட அதிகம் இல்லை.

ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் பிஎச்பி மொழியில் எழுதியது. தரவை ஒரு கோப்பிலேயே வைக்கும் எஸ்க்யூலைட்டே போதும் என்பதால் தனி டேட்டாபேஸ் சர்வர் தலைவலி கிடையாது. தீம், நீட்சி என்று ஆசை தீர மாற்றலாம். தமிழ் எழுத்து பொடியாகத் தெரிகிறதா? சொந்த சிஎஸ்எஸ்ஸில் (பக்கத் தோற்றத்தை அமைக்கும் குறியீடு) அளவையும் வரி இடைவெளியையும் கூட்டலாம். தலைப்பை மட்டும் நீட்டும் கஞ்சத் தளங்களுக்கு, கட்டுரைப் பகுதியின் செலக்டரை (பக்கத்தில் அந்த இடத்தைச் சுட்டும் குறிப்பு) கொடுத்தால் பெரும்பாலும் முழுசாக வந்துவிடும். மினிஃப்ளக்ஸிலும் இது உண்டு.

என் ஓட்டு ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ்ஸுக்கு. கிரான் வேலையை (குறித்த நேரத்தில் தானாக ஓடும் கட்டளை) மட்டும் அமைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஓடை தானாகப் புதுப்பிக்காது.